மருத்துவச் செலவு யார் பையிலிருந்து? சம்பளச் சீட்டை வைத்து ஓர் எளிய விளக்கம்

பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மாதம் 2,500 ரிங்கிட் வாங்கும் ஒரு தொழிலாளியின் சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்வோம். பிடித்தம் என்ற கட்டத்தில் மூன்று தொகைகள் இருக்கும். ஊழியர் சேமநிதிக்கு 275 ரிங்கிட். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு 12 ரிங்கிட் 25 சென். வேலை இழந்தால் உதவும் எஸ்.ஐ.பி. திட்டத்துக்கு 4 ரிங்கிட் 90 சென். வருமான வரி இந்தச் சம்பளத்துக்கு வராது. 'மருத்துவம்' என்று பெயர் போட்ட பிடித்தம் அந்தச் சீட்டில் ஒன்றுகூட இல்லை.

மலேசியாவில் சுகாதாரச் சீர்திருத்தம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் சண்டை வருவது இந்தச் சீட்டை வைத்துத்தான். நான்காவதாக ஒரு பிடித்தம் வர வேண்டுமா? இருக்கிற சேமநிதியில் கைவைக்கலாமா? இதுவரை நடந்தது போல அரசாங்க வருமானமே பார்த்துக்கொள்ளட்டுமா? அல்லது அவரவர் மெடிக்கல் கார்டு, அதாவது தனியார் மருத்துவக் காப்புறுதி, வாங்கிச் சமாளிக்க வேண்டியதா? நான்கும் நான்கு வெவ்வேறு கேள்விகள். காப்பிக்கடைப் பேச்சில் நான்கும் ஒன்றாகக் கலந்து, "இலவசத்தை நிறுத்தப் போகிறார்கள்" என்ற ஒரே வாக்கியமாகிவிடுகின்றன.

ஒரு ரிங்கிட் சீட்டுக்குப் பின்னால்

அரசாங்கக் கிளினிக்கில் மைகார்டு என்ற அடையாள அட்டையை நீட்டி 1 ரிங்கிட் கட்டினால் டாக்டர், ரத்தச் சோதனை, மாத்திரை எல்லாம் அதற்குள் அடக்கம். பெரிய ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். தனியார் கிளினிக்கின் கடிதத்தோடு போனால் முதல் தடவைக்கு 30 ரிங்கிட். மூன்றாம் வகுப்பு வார்டில் படுக்கை நாளுக்கு 3 ரிங்கிட். இந்தக் கட்டணங்களின் அடிப்படை 1982-ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டண ஆணை. வெளிநாட்டவருக்குக் கணக்கு வேறு: வெளிநோயாளியாகப் போனால் 40 ரிங்கிட், நிபுணரிடம் 120 ரிங்கிட். தமிழ்நாட்டிலிருந்து உணவகத்துக்கும் உலோகக் கடைக்கும் வேலைக்கு வந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கென்று முதலாளி எடுக்க வேண்டிய ஸ்பிக்பா என்ற மருத்துவமனைக் காப்புறுதி தனியாக இருக்கிறது. ஆனால் அது வார்டில் சேர்ந்தால்தான் உதவும். காய்ச்சலுக்கு மருந்து வாங்கிய செலவுக்கு வராது.

நோயாளி கட்டும் அந்த 1 ரிங்கிட் உண்மைச் செலவில் ஒரு துளி. மீதியைத் தருவது அரசாங்க வருமானம், அதாவது வரியும் எண்ணெய்ப் பணமும். சுகாதார அமைச்சுக்கு 2024-இல் 41.2 பில்லியன், 2025-இல் 45.3 பில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. வருமான வரி கட்டாத தொழிலாளியும் விற்பனை வரி, சேவை வரி வழியாக இதில் பங்கு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆகவே 'இலவச மருத்துவம்' என்பது சரியான பெயர் இல்லை; முன்பணம் கட்டிய மருத்துவம் என்பதே பொருத்தம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அப்படியானால் சீர்திருத்தம் எதற்கு? காரணங்கள் ரகசியம் இல்லை. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவும், 29.2 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தமும், மூன்றில் ஒருவருக்கு அதிகக் கொழுப்பும் பதிவாயின. நம் இனத்தில் நீரிழிவு விகிதம் மற்றவர்களைவிட அதிகம் என்பது ஊரறிந்த செய்தி. இவை ஒரு வாரம் மருந்து சாப்பிட்டுத் தீரும் நோய்களும் இல்லை. முப்பது வருஷம் மாத்திரை, பிறகு கண், பிறகு சிறுநீரகம் என்று போகும். நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஏற்கெனவே மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுப்பதுதான். வரிசை நீளும்போது பணம் இருக்கிறவர் தனியாருக்குப் போகிறார், இல்லாதவர் கடன் வாங்கிப் போகிறார்.

மூன்று வழிகள், ஒரு பழைய சண்டை

நோயாளி நேரடியாகக் கையிலிருந்து கொடுப்பது போக, உலக நாடுகள் மருத்துவத்துக்குப் பணம் திரட்டும் முக்கிய வழிகள் மூன்று. முதலாவது வரி. இரண்டாவது சமூக காப்புறுதி: சம்பளத்தில் குறிப்பிட்ட விழுக்காட்டைப் பிடித்து, முதலாளியும் ஒரு பங்கு போட்டு, எல்லோருக்கும் ஒரே நிதி. மூன்றாவது தனியார் காப்புறுதி, அதன் இஸ்லாமிய வடிவமான தகாஃபுல்: வயதையும் நோயையும் பார்த்து ஆளுக்கொரு விலை. வரியில் பணக்காரர் அதிகம் கொடுப்பார். சமூக காப்புறுதியில் எல்லோரும் ஒரே விகிதம், அதிலும் உச்சவரம்பு வைத்துவிட்டால் மேலே சம்பாதிப்பவருக்குச் சலுகை. இதற்குச் சொக்சோவே உதாரணம். 2024 அக்டோபரிலிருந்து அதன் சம்பள வரம்பு 6,000 ரிங்கிட். 6,000 வாங்குபவரும் 16,000 வாங்குபவரும் மாதம் கொடுப்பது அதே 29 ரிங்கிட் 75 சென்தான். தனியார் காப்புறுதியிலோ சம்பளமே கணக்கில் இல்லை. வயதானவரும் நோயாளியும்தான் அதிகம் கட்டுவார்கள்.

இரண்டாவது வழியை அரசாங்கம் முன்பு ஒருமுறை தொட்டுப் பார்த்தது. 1கேர் என்ற திட்டம் பேசப்பட்டபோது, குடும்ப வருமானத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பிடிக்கப்படும் என்ற செய்தி பரவி, 2012-இல் 'வேண்டாம் 1கேர்' என்று பெரிய எதிர்ப்பு இயக்கம் எழுந்தது. திட்டம் கிடப்பில் போடப்பட்டது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை, 15 ஆண்டுகளில் செய்ய வேண்டிய மாற்றங்களையும் தனியான ஒரு சுகாதார நிதியையும் பற்றிப் பேசுகிறது. ஆனால் 'உங்கள் சம்பளத்தில் இத்தனை விழுக்காடு' என்று எந்த அரசியல்வாதியும் வாய் திறப்பதில்லை. அந்த எண் இல்லாமல் இந்த விவாதத்தில் யாரும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்க முடியாது. எனவே ஒரு திட்டத்தைக் கேள்விப்பட்டால் முதலில் கேட்க வேண்டியது மூன்று: விழுக்காடு எவ்வளவு, முதலாளியின் பங்கு எவ்வளவு, சம்பள உச்சவரம்பு எங்கே.

இடையில் இன்னொரு யோசனையும் வந்தது. ராக்கான் கே.கே.எம். என்ற பெயரில், அரசாங்க மருத்துவமனையிலேயே கூடுதல் கட்டணம் கட்டி விரைவாகச் சிகிச்சை பெறுவது. 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். முதலில் சைபர்ஜெயா மருத்துவமனை. கிடைக்கும் பணத்தால் நிபுணர்கள் அரசாங்க வேலையை விட்டுப் போகாமல் இருப்பார்கள் என்பது ஆதரவு வாதம். நிபுணரின் நேரம் ஒன்றுதானே, 5 ரிங்கிட் வரிசை இன்னும் பின்னால் தள்ளப்படும் என்பது எதிர்வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எந்த நேரத்தில் அறுவை நடக்கிறது, வேலை நேரத்திலா அதற்குப் பிறகா என்பதைப் பார்த்தால் எது சரி என்று புரிந்துவிடும்.

தனியார் பில்லை விரித்துப் பார்த்தால்

தனியார் மருத்துவமனை பில்லில் இரண்டு வகைத் தொகை உண்டு. ஒன்று டாக்டரின் கட்டணம். 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள் சட்டத்தின் கீழ், 13-ஆவது அட்டவணையில் இதற்கு உச்சவரம்பு உண்டு. மற்றது மருத்துவமனையின் கட்டணம்: அறை, தாதியர் சேவை, கையுறை, பஞ்சு, ஊசி, மருந்து, அறுவைக் கூடம், கருவிகள். இவற்றுக்கு அப்படிப்பட்ட உச்சவரம்பு கிடையாது. ஒரு பக்கம் கதவைப் பூட்டி மறுபக்கம் திறந்து வைத்த வீடு போலத்தான். பில் ஏறுவது பெரும்பாலும் அந்தத் திறந்த கதவு வழியாக.

இன்னொரு குறை கட்டணம் போடும் முறையில் இருக்கிறது. ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியே விலை போட்டால், அதிகம் செய்தால் அதிக வரவு. குடல்வால் அறுவைக்கு வந்தவரை ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்தாலும், தேவைப்படாத ஸ்கேன் எடுத்தாலும் மருத்துவமனைக்கு நட்டமில்லை. இதற்கு மாற்றாகப் பேசப்படுவது, நோய்க் குழுவை வைத்து ஒரே தொகை கொடுக்கும் முறை. குடல்வால் அறுவைக்கு இவ்வளவு என்று முன்பே நிர்ணயம்; சிக்கனமாகச் செய்தால் மிச்சம் மருத்துவமனைக்கு. அதில் எதிர்ப் பக்க ஆபத்தும் உண்டு: நோயாளியைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், சிக்கலான நோயாளியை ஏற்கத் தயங்குவார்கள். நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் நிதி, சுகாதார அமைச்சுகளும் 2025-இல் அறிவித்த 'ரீசெட்' திட்டத்தில் இதுவும் ஓர் அங்கம். மருந்து விலையைக் கிளினிக்கிலும் மருந்தகத்திலும் எழுதி வைக்க வேண்டும் என்ற விதி 2025 மே 1 முதல் நடப்புக்கு வந்தது. அதைப் பயன்படுத்துங்கள். விலைப்பட்டியல் கேட்டால் யாரும் முறைக்க முடியாது. அதே மாத்திரையை வெளியே மருந்தகத்தில் வாங்கிக்கொள்கிறேன், சீட்டு எழுதிக் கொடுங்கள் என்று கேட்கவும் தயங்க வேண்டாம்.

பிரீமியம் ஏன் ஒரேயடியாகத் தாவியது

2024 கடைசியில் மெடிக்கல் கார்டு வைத்திருந்த பலருக்குக் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து வந்த கடிதத்தில் 40 முதல் 70 விழுக்காடு வரை உயர்வு. ஏஜெண்டைத் திட்டுவதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடலாம்.

ஒரே பாலிசியில் 1,000 பேர், ஆளுக்கு ஆண்டுக்கு 2,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். பொது நிதியில் 20 லட்சம் ரிங்கிட். கிளைம் 16 லட்சம், நிர்வாகம், கமிஷன் எல்லாம் 4 லட்சம். சரியாகப் போயிற்று. அடுத்த ஆண்டு மருத்துவமனை பில் 15 விழுக்காடு ஏறினால் கிளைம் 18.4 லட்சம், மற்ற செலவோடு 22.4 லட்சம். ஆளுக்கு 2,240. அதாவது 12 விழுக்காடு உயர்வு. இந்த உயர்வைப் பார்த்து, கிளைமே செய்யாத இளைஞர்கள் நூறு பேர் "நமக்கெதற்கு" என்று விலகினால், அதே 22.4 லட்சத்தை 900 பேர் பங்கு போட வேண்டும்: ஆளுக்கு 2,489. உயர்வு 24 விழுக்காடு ஆகிவிட்டது. ஆரோக்கியமானவர் விலக விலக, மீதி இருப்பவரின் சுமை கூடும். அது இன்னும் பலரை விரட்டும். இதற்கு மேல் இன்னொன்று: ஆண்டுதோறும் விலையைத் திருத்தாமல் மூன்று ஆண்டு பொறுத்து ஒரேயடியாகத் திருத்தினால், 15 விழுக்காடு மூன்று தடவை கூட்டு வட்டி போல ஏறி 52 விழுக்காடு ஆகிறது. கடிதத்தில் வந்த எண் இப்படித்தான் உருவானது.

கூச்சல் பெரிதானதும் 2024 டிசம்பர் 20-இல் பேங்க் நெகாரா தலையிட்டது. மருத்துவச் செலவால் வரும் உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும். பாலிசிதாரர்களில் குறைந்தது 80 விழுக்காட்டினருக்கு ஆண்டு உயர்வு 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். குறைந்தபட்சத் திட்டத்தில் உள்ள 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஓராண்டு உயர்வே கூடாது. இந்த ஏற்பாடு 2026 முடிவு வரை. அந்த 80 விழுக்காட்டில் சேராத ஒருவர் மாதம் 200 ரிங்கிட் கட்டிவந்து, 280 என்று கடிதம் வந்திருந்தால், சமமாகப் பிரிக்கும்போது 227, 253, 280 என்று போகும். உயர்வு நின்றுவிடவில்லை. தள்ளிப் போடப்பட்டது, அவ்வளவுதான்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் முதலீட்டோடு இணைந்த பாலிசி. மாதம் கட்டும் தொகை அப்படியே இருக்கும். ஆனால் காப்புறுதிக் கட்டணம் உள்ளே இருக்கும் முதலீட்டு யூனிட்டுகளிலிருந்து கழிந்துகொண்டே போகும். யூனிட் தீர்ந்ததும் பாலிசி காலாவதி. தவறாமல் பணம் கட்டியவருக்கும் இது நடக்கும். ஆண்டு அறிக்கை வரும்போது, பாலிசி எந்த வயது வரை தாங்கும் என்று எழுதியிருக்கும் பகுதியை மட்டுமாவது படியுங்கள்.

கோ-பேமெண்ட்: 5 விழுக்காடா, 500 ரிங்கிட்டா

2024 செப்டம்பரிலிருந்து, பில்லில் ஒரு பங்கை நோயாளியே கட்டும் வகைத் திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு காப்புறுதி நிறுவனமும் விற்க வேண்டும். குறைந்தபட்சம் பில்லில் 5 விழுக்காடு, அல்லது முதல் 500 ரிங்கிட். பிரீமியம் இதில் குறைவு.

எது லாபம்? பில் 3,000 ரிங்கிட் என்றால் 5 விழுக்காட்டு முறையில் 150, மற்றதில் 500. பில் 18,000 என்றால் 5 விழுக்காட்டில் 900, மற்றதில் அதே 500. எல்லைக்கோடு 10,000 ரிங்கிட். பெரிய அறுவைக்குத்தான் கார்டு என்று நினைப்பவருக்கு நிலையான 500 நல்லது. அந்தத் தொகையைச் சேமிப்பில் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். 5 விழுக்காட்டை எடுப்பவர், ஆண்டுக்கு அதிகபட்சம் எவ்வளவு கட்ட நேரும் என்ற வரம்பைப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போட வேண்டும். அவசரச் சிகிச்சைக்கும், புற்றுநோய் போன்ற கடும் நோய்த் தொடர் சிகிச்சைக்கும், அரசாங்க மருத்துவமனையில் சேர்ந்தாலும் இந்தப் பங்கு கேட்கக் கூடாது.

நீரிழிவை மறைத்துக் கார்டு வாங்குவது நம்மிடையே பரவலான வழக்கம். "இப்போதைக்கு எழுத வேண்டாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வார்டில் சேரும் நாளில் நிறுவனம் கிளினிக்கின் பழைய பதிவைக் கேட்கும். அதில் மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை எழுதியிருந்தால் உத்தரவாதக் கடிதம் வராது, கையிலிருந்து முன்பணம் கட்ட வேண்டி வரும். உண்மையைச் சொன்னால் பிரீமியம் கூடலாம், சில நோய்கள் விலக்கப்படலாம். ஆனால் எலும்பு முறிவுக்கோ டெங்கிக்கோ கார்டு வேலை செய்யும்.

சேமநிதியில் கைவைக்கலாமா

2025-இல் சூடு பிடித்த கேள்வி இது: சேமநிதியின் இரண்டாம் கணக்கான செஜாத்ராவிலிருந்து மருத்துவக் காப்புறுதிக்குப் பணம் கட்ட அனுமதிக்கலாமா? 2024 மே 11-க்குப் பிறகு நம் சேமநிதி மூன்றாகப் பிரிகிறது: ஓய்வுக்கால கணக்கு 75 விழுக்காடு, செஜாத்ரா 15, ஃபிளெக்சிபல் 10. மேலே சொன்ன 2,500 ரிங்கிட் தொழிலாளிக்கு முதலாளியின் 325-ஐயும் சேர்த்து மாதம் 600 ரிங்கிட் போகிறது. அதில் செஜாத்ரா பங்கு 90. ஆண்டுக்கு 1,080 ரிங்கிட்.

இந்த 1,080-ஐ முழுதாகக் காப்புறுதிக்குக் கொடுத்தால் கையில் வாங்கும் சம்பளத்தில் ஒரு சென்கூடக் குறையாது. அதுதான் இந்த யோசனையின் கவர்ச்சி. மறுபக்கம்: ஆண்டுதோறும் அதே 1,080 ரிங்கிட் 6 விழுக்காடு ஈவோடு 25 ஆண்டு சேர்ந்துகொண்டே வந்தால் ஏறத்தாழ 59,000 ரிங்கிட் ஆகியிருக்கும். 2024-இல் ஈவு 6.30 விழுக்காடு என்பதால் இது மிகைக் கணக்கு இல்லை. வீட்டுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் எடுக்கக்கூடிய கணக்கும் அதுதான். அதோடு பிரீமியம் வயதோடு ஏறும். 90 ரிங்கிட் ஐம்பது வயதில் போதாது. குறைந்த சம்பளக்காரருக்கு இந்த வழி ஒரு கடன் மாதிரிதான், கொடுப்பவரும் அவரே, வாங்குபவரும் அவரே. கார்டே இல்லாமல் நிற்பதைவிட மேல் என்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முதலாளி எந்தப் பங்கும் போடாமல் இதைச் 'சீர்திருத்தம்' என்று அழைப்பதுதான் உறுத்துகிறது.

ஏற்கெனவே கட்டிய பணம்

புதுப் பிடித்தத்தைப் பற்றி வாதிடுகிறோம். பழைய பிடித்தத்துக்கு என்ன கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் குறைவு. சொக்சோவுக்குத் தொழிலாளி 12.25 கொடுத்தால் முதலாளி 42.85 கொடுக்கிறார். வேலையிடத்து விபத்து, தொழிலால் வரும் நோய், வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்து ஆகியவற்றுக்கான சிகிச்சையும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிச் சம்பளத்தில் 80 விழுக்காடும் அதிலிருந்து வரும். விபத்து நாளையும் சேர்த்து எம்.சி., அதாவது டாக்டர் தரும் மருத்துவ விடுப்பு, குறைந்தது நான்கு நாள் இருக்க வேண்டும். முதலாளி தனக்குத் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும்.

கோரிக்கை தோற்பது பெரும்பாலும் வழியில். பிறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து பாயான் லெப்பாசுக்கு வேலைக்குப் போகிறவர், திரும்பும்போது பூ வாங்க லிட்டில் இந்தியாவுக்குப் போய் அங்கே விழுந்தால், அது வழக்கமான வழி ஆகாது. பாலத்தில் விழுந்தால் ஆகும். போலீஸ் புகாரில் இடமும் நேரமும் துல்லியமாக இருக்கட்டும். அன்றைய வேலை நேரப் பதிவின் நகலையும் வாங்கி வையுங்கள்.

40 வயதான சந்தாதாரர்களுக்குச் சொக்சோ இலவச உடல் பரிசோதனையும் தருகிறது. நீரிழிவைச் சிறுநீரகம் வரை போகவிடாமல் பிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

முதலாளி தரும் மெடிக்கல் கார்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளூர்த் தொழிலாளிக்கு மருத்துவமனைக் காப்புறுதி எடுக்க வேண்டும் என்று வேலைச் சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் தருவது சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு: இரண்டு ஆண்டுக்குக் கீழ் சேவை என்றால் 14 நாள், ஐந்து ஆண்டுக்குள் 18, அதற்கு மேல் 22, வார்டில் சேர்ந்தால் 60 நாள் வரை. நிறுவனக் கார்டு ராஜினாமா அன்றோடு முடிந்துவிடும். வேலை மாறும் இடைவெளியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். புதிதாக வாங்கும் தனிக் கார்டுக்குப் பொதுவாக 30 நாள், குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாள் காத்திருப்பு உண்டு. வேலையை விடுவதற்கு நான்கு மாதம் முன்பே விண்ணப்பம் போட்டால் இடைவெளி விழாது.

கிளைம் நிராகரிக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். அவர்களின் இறுதி முடிவைக் கடிதமாக வாங்குங்கள். போனில் சொன்ன பதில் எதற்கும் உதவாது. அந்தக் கடிதத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள், 2025 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவை என்ற புகார் தீர்வு அமைப்பிடம் புகார் கொடுக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.